விபஸ்ஸனா பத்து நாள் முகாம்: ஒரு மெய்ப்புத் திருத்துநரின் மதிப்புரை

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறர் எழுத்தில் விடுபட்ட ஒற்றையும் இடம் மாறிய ணகர னகரங்களையும் தேடிப் பிழைத்து வந்த எனக்கு, சென்ற தை மாதத்தில் ஒரு பெரும் அதிர்ச்சி நேர்ந்தது. நான் இறுதிப் படியில் கையெழுத்திட்டு அனுப்பிய ஒரு நூலில் பதினேழு பிழைகள் அச்சாகி வந்தன. அவற்றில் ஒன்று இயல் தலைப்பிலேயே இருந்தது. கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்று கண் மருத்துவரிடம் சென்றேன். பார்வையில் குறையொன்றும் இல்லை என்றார். அதே மாதத்தில் எடுத்த முழு உடல் பரிசோதனையில் இரத்த அழுத்தம் 146/94 என்றும், எச்பிஏ1சி எனப்படும் சர்க்கரைச் சராசரி 6.1 என்றும் வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருப்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை என்றும், மூன்று மாதம் உணவையும் உறக்கத்தையும் ஒழுங்குபடுத்திவிட்டு வந்தால் மாத்திரையைப் பற்றி அப்போது பேசலாம் என்றும் மருத்துவர் சொன்னார்.

காரணம் எங்கே இருக்கிறது என்பதை அறிய அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. என் கைப்பேசியே அதைக் கணக்கு வைத்திருந்தது: நாளொன்றுக்குச் சராசரியாக 5 மணி 40 நிமிடம். ஒரு பத்தியைத் திருத்தியதும் கைப்பேசியை ஒருமுறை பார்ப்பது, அடுத்த பத்தியின் நடுவில் மீண்டும் பார்ப்பது என்றுதான் என் வேலை நாள் கழிந்தது. இரவு பத்து மணிக்கு ஒரு கையில் கைப்பேசியுடன் உண்பதும், எத்தனை தோசை உண்டேன் என்று தெரியாமலே எழுவதும், பின்னர் ஒரு மணிவரை படுக்கையில் அதே வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் வழக்கமாகியிருந்தன. இவற்றைத் தனித்தனியாகச் சரிசெய்ய முயன்றேன். ஒன்பது நாட்கள் சோற்றை நிறுத்தினேன். செயலிகளை நீக்கி, நான்காம் நாள் திரும்ப நிறுவினேன். காலையில் தியானம் செய்ய ஒரு குரல் வழிகாட்டியைத் தரவிறக்கினேன், அதுவும் அதே கைப்பேசியில்தான் இருந்தது. பணி ஓய்வு பெற்ற ஒரு மூத்த சக ஊழியர்தான், "பத்து நாள் விபஸ்ஸனாவுக்குப் போய்விட்டு வாருங்கள், தம்பி" என்றார். விபஸ்ஸனா என்பது உடலில் எழும் உணர்வுகளைக் கவனிக்கும் ஒரு பௌத்தத் தியான முறை; அதைத் தங்கிக் கற்கும் முகாம் அது. சித்திரை இறுதியில் சென்றேன். இந்த மதிப்புரையை எட்டு மாதங்கள் கழித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு: முகாமிலிருந்து வெளிவந்த அன்று எழுதியிருந்தால் அது வெறும் பரவசமாக இருந்திருக்கும்; என்ன நிலைத்தது, என்ன உதிர்ந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது.

இந்த முகாமின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1924இல் பர்மாவின் மாண்டலே நகரில் இந்திய வணிகக் குடும்பமொன்றில் பிறந்த எஸ். என். கோயங்கா, கடுமையான ஒற்றைத் தலைவலியால் அவதிப்பட்டு, வலி தாங்க மார்ஃபின் என்னும் மருந்தை ஊசியாகப் போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்தவர். பல நாட்டு மருத்துவர்களைப் பார்த்தும் பலனின்றி, 1955இல் இரங்கூனில் சயாஜி ஊ பா கின் என்னும் தியான ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். ஊ பா கின் துறவி அல்லர்; பர்மிய அரசின் தலைமைக் கணக்காயராகப் பதவி வகித்த இல்லறத்தார். தலைவலியைப் போக்கிக்கொள்வதற்காக என்றால் வர வேண்டாம் என்று அவர் முதலில் மறுத்ததைக் கோயங்காவே தம் உரைகளில் சொல்கிறார். இந்தச் செய்தியை முகாமுக்குப் போக நினைக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. பதினான்கு ஆண்டுகள் பயின்ற பின் 1969இல் இந்தியாவுக்கு வந்து கற்பிக்கத் தொடங்கிய கோயங்கா, மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் 1976இல் முதன்மை மையத்தை நிறுவினார், 2013இல் மறைந்தார். இன்றும் எல்லா மையங்களிலும் அவருடைய ஒலிப்பதிவுகளைக் கொண்டே முகாம்கள் நடைபெறுகின்றன. தமிழ்நாட்டில் சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் தம்ம சேது, திருவண்ணாமலையில் தம்ம அருணாசலம் போன்ற மையங்கள் இருக்கின்றன. நான் சென்ற மையத்தின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை; ஊதியமின்றிப் பணியாற்றும் தொண்டர்களால் நடக்கும் இவ்விடங்களில் ஒரு முகாமின் குறை அடுத்த முகாமில் இல்லாமல் போகலாம்.

விண்ணப்பம் இணையவழியில்தான். உடல் நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், மனநலச் சிகிச்சை, குடிப்பழக்கம், முன்பு பயின்ற தியான முறைகள் ஆகிய எல்லாவற்றையும் கேட்கிறார்கள். உண்மையை மறைக்காமல் எழுதுங்கள். அந்தக் கேள்விகள் சடங்குக்காகக் கேட்கப்படுபவை அல்ல. பத்து நாள் என்று பெயரிருந்தாலும், முதல் நாளுக்கு முந்தைய பிற்பகலில் போய்ச் சேர்ந்து, பதினோராம் நாள் காலையில்தான் வெளியேற முடியும் என்பதால் அலுவலகத்தில் பன்னிரண்டு நாள் விடுப்பு வேண்டும். கைப்பேசி, புத்தகம், பேனா, தாள் ஆகிய அனைத்தையும் ஒரு துணிப்பையில் போட்டு எண் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். கைப்பேசியைக் கொடுப்பதைவிட, சட்டைப் பையில் எப்போதும் செருகியிருக்கும் சிவப்புப் பேனாவைக் கொடுக்கும்போதுதான் எனக்குத் தயக்கமாக இருந்தது. அன்று மாலை தொடங்கும் மௌனம் பத்தாம் நாள் முற்பகல் வரை நீடிக்கிறது. பேசாமலிருப்பது மட்டுமன்றி, சைகை காட்டுவதையும் ஒருவரை ஒருவர் நோக்குவதையும் தவிர்க்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தங்குமிடமும் உணவுக்கூடமும் தனித்தனி.

அதிகாலை நான்கு மணிக்கு மணியடிக்கிறது. நாலரை மணி முதல் இரவு ஒன்பது மணிவரை, இடைவேளைகள் போக, நாளொன்றுக்குச் சுமார் பத்து மணி நேரம் கண்களை மூடி அமர்ந்திருக்க வேண்டும். ஆறரைக்குக் காலை உணவு, பதினொன்றுக்கு மதிய உணவு, ஐந்து மணிக்குத் தேநீர், ஏழு மணிக்கு உரை, ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. பத்து நாட்களும் இந்த அட்டவணையில் பெரிய மாற்றம் கிடையாது.

உணவைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். ஏனெனில் இந்த முகாமைப் பற்றிப் பேசுபவர்கள் தியானத்தைப் பற்றியே பேசிவிட்டு உணவை ஒரு வசதிக் குறிப்பாகக் கடந்துபோகிறார்கள். அங்கே உணவு சைவம். காலையில் இட்லி அல்லது பொங்கல் அல்லது கோதுமை ரவை உப்புமா, உடன் ஒரு கிண்ணம் சுண்டல். மதியம் சோறு, சாம்பார், ஒரு கூட்டு, ஒரு பொரியல், மோர். காரமும் எண்ணெயும் குறைவு, ஊறுகாய் கிடையாது. மாலை ஐந்து மணிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வாழைப்பழம் அல்லது சில பப்பாளித் துண்டுகள், ஒரு கிண்ணம் பொரி, தேநீர் அல்லது பால். அதன் பிறகு மறுநாள் காலை ஆறரை வரை ஒன்றும் கிடையாது. முன்பே ஒரு முகாமை முடித்தவர்களுக்கு நண்பகலுக்குப் பின் எலுமிச்சைச் சாறு மட்டும்தான். நண்பகலுக்குப் பின் உண்ணாமலிருப்பது பௌத்தத் துறவியர் கடைப்பிடிக்கும் பழைய விதி. அதன் ஒரு பகுதியை இல்லறத்தாரும் பத்து நாட்களுக்கு ஏற்கிறார்கள்.

முதல் இரண்டு இரவுகள் பசித்தது என்பது உண்மை. ஆனால் மூன்றாம் நாள் ஒன்றைக் கவனித்தேன். எட்டு மணிக்குப் பசி எழுந்தது, எட்டே காலுக்கு அது இல்லை. பசி என்று நான் நாற்பத்தேழு வயதுவரை நம்பி வந்ததில் பாதி, உண்ணும் நேரம் வந்துவிட்டது என்ற பழக்கத்தின் அழைப்பு என்பதை எந்த உணவுக் கட்டுரையும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. மேலும், பேச்சும் திரையும் இல்லாமல் சுவரைப் பார்த்து அமர்ந்து உண்ணும்போது, ஒவ்வொரு வாயும் தனியாகத் தெரிகிறது. கொத்தமல்லித் தழையின் மணம் மோரில் இருப்பதை அறிந்தேன். இரண்டாவது கரண்டிச் சோறு போதுமானது என்பதை வயிறு சொல்லும் இடத்தையும் அறிந்தேன். அது மெல்லிய அறிகுறி. வீட்டில் கைப்பேசியைப் பார்த்தபடி உண்ட பத்து ஆண்டுகளில் அது எனக்குக் கேட்காமலே போயிருக்கிறது. வயிறு நிறைய உண்டுவிட்டு ஒரு மணி அமர்வில் உட்கார்ந்தால் தூக்கம் வருவதை ஒருமுறை அனுபவித்தவர், யாரும் சொல்லாமலே மறுநாள் அளவைக் குறைத்துக்கொள்வார். உணவு, மௌனம், கைப்பேசியின்மை ஆகிய மூன்றும் மூன்று தனி நோன்புகளாக இல்லாமல் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஒரே ஏற்பாடாக அங்கே அமைந்திருக்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் வீட்டில் அவற்றைப் பிரித்துப் பிரித்து முயன்று தோற்றதன் காரணமும் அதிலேயே இருந்தது.

இனி பயிற்சி. முதல் மூன்றரை நாட்கள் ஆனாபான என்னும் மூச்சுக் கவனிப்பு. மூச்சை நெறிப்படுத்தக் கூடாது, எண்ணக் கூடாது, எந்த மந்திரத்தையும் சேர்க்கக் கூடாது. மூக்கின் வாயிலிலும் மேலுதட்டுக்கு மேலுள்ள சிறு இடத்திலும் வந்து போகும் மூச்சை உள்ளது உள்ளவாறு அறிய வேண்டும். இது எளிதென்று நினைப்பவர் செய்து பார்க்க வேண்டும். முதல் நாள் முழுவதும் என் மனம் ஐந்து மூச்சுகளைக்கூடத் தொடர்ச்சியாகப் பார்க்கவில்லை. திருத்திய பக்கங்கள், அந்தப் பதினேழு பிழைகள், கட்ட மறந்த மின்கட்டணம், முப்பதாண்டுகளுக்கு முந்தைய ஒரு சண்டை என்று எதுவெல்லாமோ வந்தது. இரண்டாம் நாள் பிற்பகல் அறைக்குச் செல்லும்போது வலது தொடை அதிர்வதாக உணர்ந்து கை கால்சட்டைப் பைக்குப் போனது; பையில் ஒன்றும் இல்லை.

நான்காம் நாள் பிற்பகலில்தான் விபஸ்ஸனா கற்பிக்கப்படுகிறது. உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை கவனத்தை வரிசையாக நகர்த்தி, ஒவ்வோரிடத்திலும் என்ன உணர்வு இருக்கிறதோ, அது சூடோ, துடிப்போ, அரிப்போ, வலியோ, மரமரப்போ, அதை விரும்பாமலும் வெறுக்காமலும் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். எழுவதெல்லாம் மறையும் என்பதை உடலிலேயே பார்ப்பதுதான் இதன் சாரம்; பழந்தமிழ்ப் பௌத்த நூல்களில் அநித்தம் என்று வழங்கிய சொல்லை அங்கே பாலி மொழியில் அநிச்ச என்று மீண்டும் மீண்டும் கேட்கலாம். இதனோடு அதிட்டானம் என்ற உறுதிமொழி அமர்வுகளும் தொடங்குகின்றன: காலை எட்டு முதல் ஒன்பது, பிற்பகல் இரண்டரை முதல் மூன்றரை, மாலை ஆறு முதல் ஏழு ஆகிய மூன்று ஒரு மணி நேர அமர்வுகளில் கண்களையும் கைகளையும் கால்களையும் திறப்பதோ அசைப்பதோ இல்லை என்று தீர்மானித்து உட்கார வேண்டும்.

ஐந்தாம் நாள் காலை அமர்வில் மூக்கின் இடப்பக்கத்தில் அரித்தது. அசைவதில்லை என்று உறுதி எடுத்திருந்தும், விரல் முகத்தைத் தொட்ட பிறகுதான் அரித்ததே எனக்குத் தெரிந்தது. அரிப்புக்கும் விரலுக்கும் நடுவில் நான் இல்லவே இல்லை. அன்று நண்பகலில், முகாமை நடத்தும் உதவி ஆசிரியரைச் சந்திக்கும் நேரத்தில் இதைச் சொன்னபோது அவர், "கை போனது தெரிந்தது அல்லவா, ஐயா? அடுத்த முறை சற்று முன்னதாகத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். ஏழாம் நாள் அது நடந்தது. அரிப்பு எழுந்தது, அதைப் போக்க வேண்டும் என்ற வேகம் தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கியது, கை அசையவில்லை. அரிப்பு பெருகி, ஊசி முனை போலக் கூர்மையாகி, பிறகு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே இது நீடித்திருக்கும். ஆனாலும் கைப்பேசியைப் பற்றி நான் கற்றுக்கொண்ட அனைத்தும் அந்த ஒரு நிமிடத்தில் அடங்கியிருக்கிறது.

என் தொழிலுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை அங்கேயே உணர்ந்தேன். பிழை கண்ணிலிருந்து தப்புவது கண் மங்குவதால் அல்ல; சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளைப் பார்த்ததும் மீதியை மனம் ஊகித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குத் தாவிவிடுவதால். உள்ளதைப் பார்க்காமல் இருக்க வேண்டியதைப் பார்க்கிறோம். மூச்சை இருக்கிறபடி பார் என்று மூன்று நாட்கள் சொல்லப்பட்டது, எனக்குப் பயிற்சியளித்த முதல் அச்சகத்துப் பெரியவர், ஒவ்வோர் எழுத்தாகப் பென்சில் முனையை வைத்துப் படி என்று சொன்னதன் மறுவடிவமாகவே கேட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். நான் சென்ற மையத்தில் அக்னி நட்சத்திர வெயிலில் இரண்டு பிற்பகல்கள் மின்சாரம் தடைப்பட்டு, மாற்று ஏற்பாடு வேலை செய்யவில்லை. எழுபது பேர் அமர்ந்த கூடத்தில் அது பயிற்சியின் பகுதி என்று ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவைத் தாண்டியது. அறைச் சன்னல்களில் கொசுவலை கிழிந்திருந்தது. முதுகுத் தண்டில் தேய்மானம் உள்ள ஒருவர் நாற்காலி கேட்டு மூன்றாம் நாள்தான் பெற்றார். கழிப்பறைகள் தூய்மையாக இருந்தன என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன். கோயங்காவின் ஒலிப்பதிவு பற்றி எனக்குக் கலவையான எண்ணம்தான். மாலை உரைகளின் தமிழ் வடிவம் தெளிவாக இருக்கிறது, கதைகளும் பொருத்தமானவை. ஆனால் அமர்வுகளின் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் நீண்ட பாலிப் பாடல்களும் இந்தி இரண்டடிப் பாக்களும் அவற்றின் பொருள் அறியாதவருக்கு வெறும் ஒலியாகவே நின்றுவிடுகின்றன. இம்முறையே புத்தர் கற்பித்த தூய வடிவம் என்று அழுத்திச் சொல்லப்படுவதையும் நான் அப்படியே ஏற்கவில்லை. பௌத்தத்தின் பழைய கிளையான தேரவாத மரபிலேயே வேறு பல முறைகள் இருக்கின்றன. பயிற்சியின் பயன் அந்தக் கூற்றைச் சார்ந்திருக்கவில்லை என்பதால் அதை ஒதுக்கி வைத்துவிட்டு அமர முடிந்தது.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இம்முகாம் உகந்ததன்று என்று மையங்களின் விதிமுறைகளே சொல்கின்றன. தீவிரத் தியான முகாம்களில் சிலருக்குப் பதற்றமும் உறக்கமின்மையும் தன்னிலை குலைந்த உணர்வும் ஏற்படுவது மருத்துவ ஆய்விதழ்களில் பதிவாகியுள்ளது. ஆகவே மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் தம் மருத்துவரின் ஒப்புதலின்றிச் செல்ல வேண்டாம். முகாமுக்காக மருந்தை நிறுத்தவே வேண்டாம். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், மாலைக்குப் பின் நீளும் உண்ணாத இடைவெளியைப் பற்றி மருத்துவரிடமும் மையத்திடமும் விண்ணப்பிக்கும்போதே பேசிவிட வேண்டும். நெருங்கியவரின் மறைவுக்குப் பிறகு உடனடியாகச் செல்வதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். என் வரிசையில் அமர்ந்திருந்த ஒருவர் ஆறாம் நாள் முழுவதும் அழுதுகொண்டிருந்தார், ஆறுதல் சொல்ல அங்கே யாரும் பேச முடியாது.

கட்டணம் என்று எதுவும் கிடையாது. தங்குவதற்கும் உண்பதற்கும் கற்பதற்கும் பணம் பெறுவதில்லை. முகாமை நிறைவு செய்தவர்களிடமிருந்து மட்டுமே, அடுத்து வருபவருக்காக, விருப்பமிருந்தால் நன்கொடை பெறுகிறார்கள். முடிப்பதற்கு முன் கொடுக்க முயன்றாலும் வாங்குவதில்லை. நான் உண்ட சோற்றுக்கு முகம் தெரியாத ஒருவர் முன்கூட்டியே கொடுத்திருக்கிறார் என்ற நினைவு, குறை சொல்லும் உரிமையைப் பறித்துவிடவில்லை. ஆனால் ஐந்தாம் நாள் எழுந்து போய்விடலாமா என்று தோன்றியபோது என்னை உட்கார வைத்தவற்றில் அதுவும் ஒன்று.

பத்தாம் நாள் மௌனம் முடிகிறது. எல்லா உயிர்களுக்கும் நலம் வேண்டும் மைத்ரி தியானம் கற்பிக்கப்பட்டு, பேச அனுமதி கிடைத்ததும் எழுந்த இரைச்சலில் எனக்குத் தலை சுற்றியது. மறுநாள் காலை துணிப்பையைத் திரும்பப் பெற்றேன். பேருந்தில் ஏறும்வரை கைப்பேசியை இயக்கவில்லை. இயக்கியபோது 1,346 செய்திகள் காத்திருந்தன. அவற்றில் நான் பதில் எழுத வேண்டியிருந்தவை நான்கு.

வீட்டுக்கு வந்த பின் நடந்ததுதான் உண்மையான மதிப்பீடு. காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் அமரச் சொல்லி அனுப்புகிறார்கள். முதல் மூன்று வாரம் அப்படியே செய்தேன். அதன் பின் மாலை அமர்வு நழுவியது. ஆடி மாதத்தில் காய்ச்சலோடு காலை அமர்வும் இரண்டு வாரம் நின்றது. இப்போது காலை ஐந்து மணிக்கு நாற்பது நிமிடம், வாரத்தில் ஆறு நாள் என்ற அளவில் நிற்கிறது. உணவில் நிலைத்த மாற்றம் ஒன்றே ஒன்று, ஆனால் அது பெரியது: இரவு உணவு ஏழு மணிக்குள், உண்ணும் கூடத்தில் எந்தத் திரையும் இல்லாமல். கேழ்வரகு அடையோ இரண்டு இட்லியோ, வேகவைத்த காய், மோர். என் மனைவிக்கு வேலை ஏழு மணிக்குத்தான் முடியும் என்பதால் இரவுச் சமையலை நான் ஏற்றுக்கொண்டேன். அந்த மாற்றம் இல்லாமல் இது ஒரு வாரம்கூட நடந்திருக்காது. காலையில் மட்டும் காபி. அதன் ஊக்கப்பொருளில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் மாலைக் காபியை விட்டேன்.

கைப்பேசியை விட்டொழிக்க இன்று நம் ஊரில் வழியில்லை. வங்கியின் கடவு எண் அதற்குத்தான் வருகிறது, காய்கறிக் கடையில் யுபிஐ, பிள்ளைகளின் பள்ளி அறிவிப்பு, மின்கட்டணம் எல்லாமே அதில்தான். அதனால் அது இருக்கும் இடத்தை மாற்றினேன். இரவு எட்டரைக்கு அது கூடத்து அலமாரிக்குப் போகிறது. காலை எட்டு மணிக்குத்தான் வெளியே வருகிறது. படுக்கையருகில் முந்நூற்று ஐம்பது ரூபாய்க்கு வாங்கிய அலாரக் கடிகாரம் இருக்கிறது. அழைப்பைத் தவிர மற்ற எல்லா ஒலிகளையும் அறிவிப்புகளையும் நிறுத்திவிட்டேன். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கினேன். இது சிறிய செயல்தான், ஆனால் காணொளிகளின் இழுவிசை பாதி குறைந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பொத்தான் கைப்பேசியும், சட்டைப் பையில் ஐந்நூறு ரூபாய்ச் சில்லறையும் போதும். மெய்ப்பைத் திரையில் பார்ப்பதை நிறுத்தி, அச்சிட்ட தாளில் பென்சில் முனை வைத்துப் பார்க்கிறேன். வேலையின் நடுவே கை கைப்பேசியை நோக்கிக் கிளம்ப நினைக்கும் அந்த நொடி, நாளில் பத்து முறையாவது இப்போதும் வருகிறது. பத்தில் ஏழு முறை அது தோளிலேயே தெரிந்துவிடுகிறது. மற்ற மூன்று முறை தெரிவதில்லை.

எண்களைச் சொல்கிறேன். ஆவணியில் எடுத்த பரிசோதனையில் எச்பிஏ1சி 5.8, இரத்த அழுத்தம் 132/84, எடை 78 கிலோவிலிருந்து 73. மாத்திரை தேவைப்படவில்லை, ஆனால் அழுத்தம் இன்னும் குறைய வேண்டும் என்று மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னார். நாளுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எங்கள் வீட்டில் அப்பளமும் ஊறுகாயும் மட்டுமே அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டிருந்தன. இந்த எண்கள் தியானத்தால் வந்தவை என்று நான் சொல்ல மாட்டேன். நேரத்தோடு உண்பதும், அளவறிந்து உண்பதும், ஏழு மணி நேரம் உறங்குவதும், மாலை நடையும்தான் அவற்றைக் கொண்டுவந்தன. ஆயினும் அவற்றைத் தொடர்ந்து செய்யும் மனநிலையை முகாமுக்கு முன் ஒன்பது நாட்களுக்கு மேல் என்னால் காக்க முடிந்ததில்லை என்பதும் உண்மை. ஒற்றைத் தலைவலிக்காக வராதே என்று ஊ பா கின் மறுத்ததன் பொருளை இந்த இடத்தில்தான் நான் புரிந்துகொண்டேன். புரட்டாசியில் நான் பார்த்துக் கொடுத்த 416 பக்க நூலில், வெளிவந்த பின் வாசகர் சுட்டியவை இரண்டு பிழைகள். அந்த இரண்டும் எனக்கு இன்னும் வருத்தமே.

பன்னிரண்டு நாள் விடுப்பு கிடைக்காதவர்கள், சிறு குழந்தைகளை விட்டுவர இயலாத தாய்மார்கள் ஆகியோருக்கு இது பொருந்தாது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குடும்பத்தில் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள ஒருவர் முன்வந்தால்தான் பெண்களுக்கு இந்த மௌனம் கிடைக்கிறது. முகாமுக்குப் போக முடியாதவர்களுக்கு, வேதாத்திரி மகரிஷி வகுத்த மனவளக்கலையைக் கற்பிக்கும் மன்றங்கள் பெரும்பாலான ஊர்களில் இருக்கின்றன. முழுவதும் தமிழிலேயே, உடற்பயிற்சியோடு சேர்த்து, மாலை நேரங்களில் கற்கலாம். உடல் நோயே முதன்மைக் கவலை என்றால், சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை அணுகுவது பொருத்தம். அங்கே உணவைப் பரிந்துரைப்பவர்கள் மருத்துவம் படித்தவர்கள்.

செல்ல முடிவு செய்தவர்களுக்குச் சில சிறு குறிப்புகள்: தளர்வான பருத்தி உடைகள் ஆறு இணை, கைவிளக்கு, குடை, கொசு விரட்டி, முதுகுக்குச் சிறு தலையணை ஆகியவை அவசியம். சித்திரை, வைகாசியைத் தவிர்த்து ஐப்பசிக்குப் பின் செல்லுங்கள். ஐப்பசிக்குப் பிந்தைய மாதங்களில் இடம் விரைவாக நிரம்பிவிடும் என்பதால் இரண்டு மாதத்துக்கு முன்பே விண்ணப்பியுங்கள். அவசரத்துக்கு வீட்டார் அழைக்க மையத்தின் அலுவலக எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். என் மனைவி அந்தத் தாளைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தார், ஒருமுறையும் அழைக்க நேரவில்லை.

வரும் மாசியில் மீண்டும் ஒரு முகாமுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். காத்திருப்போர் பட்டியலில் ஒன்பதாம் இடத்தில் இருக்கிறேன். இடம் கிடைத்தால், இம்முறை ஐந்து மணிக்கு எனக்குப் பொரியும் பழமும் இல்லை. எலுமிச்சைச் சாறு மட்டும்தான்.